எத்தனை பேரில் எத்தனை பேர்?

ஓய்வு பெற்ற பிறகு கூட்டங்களுக்குக் கூப்பிட்டால் போகக்கூடாது என்று நினைத்திருந்தேன். போனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. போன மாதம் பழைய சுகாதாரப் பணிமனையிலிருந்து அன்பாகக் கூப்பிட்டார்கள். போனேன். நினைத்தபடியே நடந்தது.

திரையில் படம் காட்டினார்கள். இப்போதைய மருத்துவ மாதுகள், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலில் நின்றபடியே கணக்கைக் கையில் இருக்கும் டெப்பில் தட்டிவிடுகிறார்கள். பின்னேரத்துக்குள் எல்லாம் நிறம் பிரித்துப் படமாக வந்துவிடுகிறது. நல்ல விஷயம்தான். அதே வேலையில் பையைச் சுமந்தே தோள்பட்டை இறங்கிப் போனவள் நான், கொஞ்சம் பொறாமைகூட வந்தது. ஆனால் விளக்க வந்த தம்பி 'பிரிவலன்ஸ்' என்ற இங்கிலீஷ் சொல்லை மூச்சுக்கு மூச்சு சொன்னார். இரத்தச்சோகையின் பிரிவலன்ஸ் என்றார், சரி. குடியின் பிரிவலன்ஸ் என்றார், அதுவும் சரி. கடைசியில் பஸ் தாமதமாக வருவதற்கும் பிரிவலன்ஸ் வந்துவிட்டது. 'நிறைய' என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் அதைத் தூக்கிப் போட்டுக்கொண்டே போனார்.

"தம்பி, நிறையன்னா நிறையன்னே சொல்லுங்க. அந்தச் சொல்லுக்கு வேற வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டேன். மண்டபமே சிரித்தது. அந்தத் தம்பியும் சிரித்தார், நல்ல பிள்ளை. தேநீர் வேளையில் பழைய சிநேகிதிகள் சுற்றிக்கொண்டு, "என்ன வேலைன்னு சொல்லிட்டுப் போங்க" என்று பிடித்துக்கொண்டார்கள். பாதி சொல்வதற்குள் தலவாக்கலை பஸ் வந்துவிட்டது. ஆகையால் முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

பயிற்சிப் பாடசாலையில் அந்தச் சொல்லை ஒரே வரியில் படித்தேன். ஒரு குறித்த மக்கள் கூட்டத்தில், ஒரு குறித்த நேரத்தில், ஒரு நோயோ பழக்கமோ எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதன் பங்கு. மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதி, வெளியே வந்ததும் மறந்தேன். அர்த்தம் தெரிந்தது அக்கரப்பத்தனைக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஒரு மண் திட்டின் முன்னால்.

அப்போது எங்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரியாக இருந்தவர் காலிப் பக்கத்துச் சிங்களப் பெண். தமிழை எங்களிடமே கற்றுக்கொண்டார். தேயிலைக்கு நடுவில் வேலை செய்துகொண்டு தேநீரே குடிக்காத ஒரே ஆளை நான் பார்த்தது அவரைத்தான். பிளாஸ்கில் சுடுதண்ணீர் வைத்திருப்பார். கோபப்பட மாட்டார், கத்தவும் மாட்டார். ஆனால் நான் போய், "அந்த லயத்துல நிறையப் பேருக்குச் சளி, டொக்டர்" என்றால் பேனையைக் கீழே வைத்துவிடுவார்.

"எத்தனை பேர்ல எத்தனை பேர், மிஸ்?"

அவ்வளவுதான். பதில் இல்லாவிட்டால் பேனை மறுபடி மேலே வராது. நான் திரும்ப மலை ஏற வேண்டும். கிளினிக்குக்கு வந்தவர்களை மட்டும் எண்ணிச் சொன்னாலும் விடமாட்டார். "வந்தவங்க நடக்க முடிஞ்சவங்க. நடக்க முடியாதவங்க எங்க?" என்பார். அவர் எண்ணும்போது சுண்டுவிரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விரலாக மடக்குவார். ஆளை நேரில் பார்த்தபிறகுதான் விரல் மடங்கும். யாரோ சொன்னார்கள் என்பதற்கு விரல் நீட்டியபடியே நிற்கும்.

ஒருநாள் லயத்துத் தண்ணீர்ப் பீலிக்குக் கீழே இருந்த தகரப் பீப்பாயைக் காட்டி அவர் சொன்ன விளக்கம் இன்னும் நினைவில் இருக்கிறது. பீலியிலிருந்து விழும் தண்ணீர் புதிதாக நோய் வருகிறவர்கள். பீப்பாயில் நிற்கும் தண்ணீர்தான் பிரிவலன்ஸ், பழையவர்களும் புதியவர்களுமாக இன்றைக்கு நோயோடு இருக்கிறவர்கள் எல்லாரும். தண்ணீர் இறங்கினால் சந்தோஷப்பட்டுவிடாதே, சுகமாகிப் போனார்களா, செத்துப் போனார்களா, கொழும்புக்குப் போனார்களா என்று பார் என்றார். கொரோனா காலத்தில் எல்லோரும் பரவல், பரவல் என்று சொன்னபோது எனக்கு அந்தப் பீப்பாய்தான் ஞாபகம் வந்தது. பரவுவது ஒன்று, பரவிக் கிடப்பது இன்னொன்று. இந்தச் சொல் இரண்டாவதுக்கு உரியது.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. கர்ப்பிணிகளின் கீழ் இமையை இழுத்து இரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் தினசரி வேலை. அதற்கு முன் அவர் கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து, தன் இமையை இழுத்துப் பார்த்துக்கொள்வார். பிறகு கண்ணாடியை என்னிடம் நீட்டுவார். முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காதீங்க மிஸ். காலையில இருந்து வெளிறுன கண்ணையே பார்த்தா, அதுதான் சாதாரணம்னு நம்ம கண்ணு நம்பிடும்" என்றார். எல்லோரிடமும் இருக்கும் நோயை நோய் என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்பதை அவர் இப்படித்தான் எனக்குப் புரியவைத்தார்.

இனி யோகேஸ்வரியின் கதை.

யோகேஸ்வரி லிந்துலைப் பக்கத்துப் பெண். கலியாணம் முடித்து இந்தத் தோட்டத்துக்கு வந்து கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாமியார் மாரியாயியும் அதே மலையில் கொழுந்து எடுப்பவர். யோகேஸ்வரிக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. கிளினிக்கில் இமையை இழுத்தபோது காகிதம் மாதிரி இருந்தது. பாதம் வீங்கியிருந்தது. நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்கினாள். இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் டொக்டர் எழுந்து நின்றுவிட்டார்.

"இந்தக் கிழமைக்குள்ள நுவரெலியா ஆஸ்பத்திரியில சேர்க்கணும். ரத்தம் ஏத்தணும். இப்படியே வலி வந்தா, கொஞ்சம் ரத்தம் போனாலும் இந்தப் பிள்ளை தாங்காது."

நான் அன்றைக்கே லயத்துக்குப் போனேன். வாசலில் மாரியாயி கதவை மறித்து நின்றார். உயரமான மனுஷி, குரலும் உயரம்.

"அவள எங்கயும் அனுப்பமாட்டேன் மிஸ். வெள்ளிக்கிழம கோடாங்கி வாராரு. உடுக்க அடிச்சுப் பாத்துட்டு, அதுக்கப்பறம் அவ ஆத்தா வீட்டுக்குப் போகட்டும். என் வீட்டுக்கு வேணாம்."

"என்னங்க ஆச்சு?"

"மண்ணத் திங்கிறா மிஸ்!" என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இடுப்புல கட்டுற படங்குல முடிஞ்சு வச்சிருக்கா. நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க? சோறு போடாம வச்சிருக்கேன்னுதான சொல்லுவாங்க? இது காத்துக் கருப்பு பண்ணுற வேல. இந்தத் தோட்டத்துல வேற எவ மண்ணு திங்கிறா, சொல்லுங்க பாப்போம்?"

உள்ளே சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்த யோகேஸ்வரி தலையைத் தூக்கவே இல்லை. புருஷனுக்குப் போன் பண்ணினேன். "அம்மா சொல்றபடி செய்ங்க மிஸ், எனக்கு அங்க நடக்கிறது ஒண்ணும் தெரியாது" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை அணைத்துவிட்டேன். பிறகு யோசித்தால் அவனும் பாவம், பயந்த பிள்ளை.

இரத்தம் குறைந்தவர்களுக்கு மண், சாம்பல், பச்சரிசி, சுண்ணாம்பு என்று வாய் கேட்கும் என்பது எங்கள் பாடத்தில் இருந்ததுதான். மண் தின்பது பேயல்ல, இரத்தமில்லாததன் அடையாளம். அதைச் சொன்னேன். மாரியாயி கேட்கவில்லை. "அப்ப மத்தவளுகளுக்கும் ரத்தம் இல்லன்னுதான நீங்க சொல்றீங்க? அவளுக திங்கலயே!" என்றார்.

டொக்டரிடம் வந்து சொன்னேன். அவர் கேட்டது தெரிந்த கேள்விதான். "மண் சாப்பிடறது எத்தனை பேர்ல எத்தனை பேர், மிஸ்? அதைக் கொண்டாங்க. அந்த அம்மா கேட்டதும் அதைத்தானே?"

மறுநாள் முழுக்க லயம் லயமாக ஏறி இறங்கினேன். "மண்ணு, சாம்பல் ஏதாச்சும் திங்கிற பழக்கம் இருக்கா?" என்று ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்டேன். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "சீ, என்னா மிஸ் கேக்குறீங்க!" "நாங்க என்ன மாடா?" ஒருத்திகூட ஆமாம் என்று சொல்லவில்லை. அன்று பின்னேரம் டொக்டர் மலைக்கே வந்துவிட்டார். "யாரும் இல்ல டொக்டர்" என்று சொன்னேன். அவர் விரல் ஒன்றுகூட மடங்கவில்லை.

"அப்போ யோகேஸ்வரி ஒரு ஆள் மட்டும். அப்போ அந்த அம்மா சொல்ற காத்துக் கருப்புதான் சரி" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இறங்கி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. லயத்திலிருந்து கொழுந்து மடுவத்துக்கு, அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் போகும் பாதையில் ஒரு வளைவு உண்டு. அங்கே மலையை வெட்டிய திட்டில் மேலே ஒரு பாறை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் கீழே ஒதுங்கினோம். அந்தத் திட்டில் ஒரு வரிசை வெள்ளை மண் ஓடும். சிங்களத்தில் கிரிமெட்டி என்பார்கள், அடுப்பு பூச எடுப்பார்கள். அதில் ஒரு பள்ளம் இருந்தது. நான் அதைத் தினமும் பார்த்துக்கொண்டு போனவள்தான், அடுப்புக்கு எடுத்த இடம் என்று நினைத்திருந்தேன்.

டொக்டர் குடையை மடக்கிவிட்டு அந்தப் பள்ளத்தில் கையை விட்டார். முழங்கை வரை உள்ளே போனது. "அடுப்புக்குன்னா மண்வெட்டியால வெட்டுவாங்க. இதுல மண்வெட்டி படவே இல்ல" என்றார். நானும் குனிந்து பார்த்தேன். உள்ளே முழுக்க நகக் கீறல். புதிய கீறல் வெள்ளையாக, பழைய கீறல் மங்கலாக, ஒன்றன்மேல் ஒன்று. கூடையோடு நடந்து வரும் ஒரு பெண், குனியாமல், நிற்காமல், இடது கையால் கிள்ளிக்கொண்டு போகக்கூடிய உயரம். ஓரமெல்லாம் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது.

"இது ஒரு ஆள் செய்த வேலையா, மிஸ்?" என்று கேட்டார். பிறகு மழையைப் பார்த்துக்கொண்டே, "பேனையோட போய்க் கேட்டா சொல்லமாட்டாங்க" என்றார்.

அடுத்த நாள் பகல் நிறுவை நேரத்துக்கு நான் அந்த வளைவில் போய் நின்றேன். பை இல்லை, பேனை இல்லை. பெண்கள் கொழுந்துச் சுமையோடு வரிசையாக வந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. நான் திரும்பி, பள்ளத்திலிருந்து ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டேன்.

பச்சை மழை வாசமும் கொஞ்சம் புளிப்புமாக, பல்லுக்கிடையில் மாவாகக் கரைந்தது. "பரவாயில்லையே, ருசியாத்தான் இருக்கு" என்றேன்.

பிறகு பின்னாலிருந்து ஒருத்தி பொறுக்கமுடியாமல் சொன்னாள்: "அது வெளி மண்ணு மிஸ். இன்னும் உள்ள கைய விடுங்க, வெண்ண மாரி இருக்கும்."

மற்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அதன்பிறகு பேச்சு அடைமழைதான். மழை விட்ட மறுநாள்தான் ருசி என்றாள் ஒருத்தி. வெயிலில் காய்ந்ததைத்தான் கடிக்கணும் என்றாள் இன்னொருத்தி. இரண்டு பேருக்கும் சண்டையே வந்துவிட்டது. ஒருத்திக்கு மூன்று பிள்ளைக்கும் வாய் கேட்டதாம், ஒருத்திக்குப் பிள்ளை இல்லாத நாளிலும் கேட்கிறதாம். "நீயுமாடி?" "நீ மட்டும் என்னவாம்?" என்று ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். பக்கத்துக் காம்பராவில் வருஷக்கணக்காக வாழ்கிறவர்கள், ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கிறவர்கள், ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வரிசையின் கடைசியில் மாரியாயி நின்றார். அவர் சிரிக்கவில்லை. சுமையை இறக்கித் திட்டோரமாக வைத்தார்.

"அந்தக் குழிய மொதல்ல தோண்டுனது நாந்தான்" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"மொதப் புள்ள வயித்துல இருக்கயில. யாரும் பாக்காத எடமாப் பாத்துத் தோண்டுனேன். அந்தப் புள்ள தங்கல மிஸ். பொறந்து அழுகவே இல்ல. நான் தின்ன மண்ணுதான் அதுக்கு மூச்ச அடைச்சிருச்சுன்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொல்லல, எம் புருஷன்கிட்டகூட. இவளும் தின்னவொடன எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. அந்தப் புள்ள மாரி இதுவும் போயிருமோன்னுதான் கோடாங்கியக் கூப்பிட்டேன். வேற யாரக் கூப்பிடுறது?"

அந்த அம்மாவை நான் மனதுக்குள் என்னவெல்லாம் திட்டியிருந்தேன்! அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மண் நல்லதில்லை, பூச்சி வரும், உள்ள இரத்தத்தையும் குறைக்கும். ஆனால் மண் தின்றதால் இரத்தம் போகவில்லை, இரத்தம் போனதால்தான் மண் கேட்டது என்று சொன்னேன். மற்றப் பெண்களும் சூழ்ந்துகொண்டார்கள். "நாங்களுந்தான திங்கிறோம் அக்கா, எங்க புள்ளைக நல்லா இருக்குதுகல்ல" என்றாள் ஒருத்தி. நான் சொன்னதைவிட அது அவருக்குள் சரியாக இறங்கியது.

மாரியாயி கொழுந்தை நிறுக்கக்கூடப் போகவில்லை. நேராக லயத்துக்குப் போய் மருமகளின் உடுப்பைப் பையில் எடுத்து வைத்தார். தோட்டத்து வேனில் யோகேஸ்வரியின் தலை அவர் மடியில் கிடந்தது. வழி முழுக்க, "நானுந்தாண்டி தின்னேன், நானுந்தாண்டி தின்னேன்" என்று அவள் நெற்றியைத் தடவிக்கொண்டே வந்தார். நுவரெலியாவில் இரத்தம் ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமை கோடாங்கி வந்து, வீடு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

அதன்பிறகு அந்த மலையில் எங்களுக்கு வேலை சுலபமானது என்று சொல்லமாட்டேன். இரும்புச்சத்துக் குளிசையைக் கொடுத்தால் பால் சேர்க்காத சாயத்தண்ணியோடு விழுங்குவார்கள். தேயிலை மலையில் வாய்க்கு முதலில் அகப்படுவது அதுதானே. தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் ஒட்டவிடாது, வெறும் தண்ணீரில் போடுங்கள் என்று தொண்டை வறளச் சொல்ல வேண்டியிருந்தது. பூச்சி மருந்து, குளிசை, கிளினிக் என்று நாள்கள் போயின. ஆனால் எண்ணிக்கை மட்டும் வந்தது. கேட்காமலே வந்து சொன்னார்கள். டொக்டர் ஆளை ஆளாகப் பார்த்தார், விரல்கள் மடங்கின. ஒரு கை போதவில்லை.

யோகேஸ்வரிக்குப் பெண் குழந்தை. பிறந்தவுடனேயே ஊரைக் கூட்டிக் கத்தியதாக மாரியாயி ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகு ஒருநாள் பிள்ளைக்காம்பராவில், தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் அந்த அறையில், குழந்தைகளை நிறுத்துக்கொண்டிருந்தோம். யோகேஸ்வரி மலைக்குப் போய்விட்டதால் பேத்தியை மாரியாயிதான் தூக்கி வந்தார். தராசிலிருந்து இறக்கியதும் போகாமல் நின்றார்.

"டொக்டரம்மா, மண்ணு தின்னவங்கள எண்ணுனீங்களாமே. அந்தக் கணக்குல நான் இருக்கேனா?"

அந்தச் சொல்லின் சட்டம் எனக்குத் தெரியும். இன்றைக்கு யாரிடம் இருக்கிறதோ அவர்கள்தான் கணக்கு. மாரியாயி மண் தின்பதை விட்டு எத்தனையோ காலமாயிற்று. டொக்டர் சட்டத்தை வளைக்கிற ஆளும் இல்லை.

"இல்ல அம்மா. அது இன்னைக்கு சாப்பிடறவங்க கணக்கு" என்றார் டொக்டர்.

மாரியாயி தலையை ஆட்டினார். "சரிங்க. சும்மாதான் கேட்டேன். அந்தப் புள்ளையோட காலத்துல யாரும் எண்ணல, அதான்" என்று சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் பேத்தியின் காலை மூடினார்.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "நில்லுங்க அம்மா. இன்னொரு கணக்கு இருக்கு. அதுவும் பிரிவலன்ஸ்தான். இன்னைக்கு இல்ல, ஆயுசுல ஒரு தடவையாவது இருந்தவங்க எல்லாரும் அதுல வருவாங்க. அதை நாங்க இன்னும் தொடங்கல."

பிறகு எழுந்து வந்து, மாரியாயியின் வலது கையைப் பிடித்தார். கொழுந்துக் கறை ஏறி வெடித்த கை. அதன் சுண்டுவிரலை மெதுவாக உள்ளங்கைக்குள் மடக்கினார்.

"ஒண்ணு" என்றார்.

மாரியாயி பேத்தியை இடது தோளில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினார். பாதை வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த விரலை அவர் விரிக்கவே இல்லை.